ஒன்பது டைவ் அனுபவத்தோடு மாலத்தீவு டைவிங் படகில் ஏறலாமா?

கேள்வி கேட்டவர் பாளையங்கோட்டைத் தம்பி, வயது 29. போன வருஷம் அந்தமான் ஹேவ்லாக்கில் ஓப்பன் வாட்டர் என்னும் முதல்நிலை ஸ்கூபா டைவிங் கோர்ஸ் முடித்திருக்கிறார். கையில் ஒன்பது டைவ். பெங்களூரு நண்பர்கள் வருகிற பிப்ரவரியில் மாலத்தீவில் ஏழு இரவு படகிலேயே தங்கி டைவ் செய்யும் பயணத்துக்குப் பதிவு செய்திருக்கிறார்கள், அதில் ஒரு இடம் மிச்சம் இருக்கிறது. "அண்ணாச்சி, நான் தாமிரபரணியில் நீச்சல் படித்தவன், தண்ணிப் பயம் கிடையாது. போகலாமா? மனைவிக்கு டைவிங் தெரியாது, அவளையும் கூட்டிக்கிட்டுப் போகலாமா? என்னென்ன பார்த்துக்கிடணும்?" என்று கேட்கிறார்.

தம்பி, இந்தப் பிப்ரவரி வேண்டாம். அடுத்த வருஷம் பிப்ரவரியில் போங்கள், கண்டிப்பாகப் போங்கள். ஏன் இப்போது வேண்டாம் என்கிறேன், இடையில் என்ன செய்தால் அந்தப் பயணம் முழுசாக உங்களுடையதாகும் என்பதை விரிவாகச் சொல்கிறேன். நான் தூத்துக்குடிக்காரன். மாலேப் பக்கம் டைவிங் படகுகளில் வழிகாட்டியாக வேலை பார்த்திருக்கிறேன். புதிதாக வருகிறவர்கள் பயப்படுவதெல்லாம் சுறாவுக்கு. ஆனால் அவர்களைச் சிரமப்படுத்துவது நீரோட்டம்தான்.

அங்கே கடல் எப்படி இருக்கிறது என்பது புரிந்தால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். மாலத்தீவு மொத்தம் 26 பவளத் தீவு வளையங்கள், அட்டோல் என்பார்கள். வடக்கு தெற்காக 800 கிலோமீட்டருக்கு மேல் நீளமாகக் கிடக்கிறது. ஒவ்வொரு வளையமும் கடலுக்கடியில் எழும்பி நிற்கிற பெரிய பார், அதாவது பவளப் பாறைத் திட்டு. உள்ளே ஆழம் குறைந்த கடல், வெளிப்பக்கம் செங்குத்தாக இறங்குகிற பேராழம். நம்ம தூத்துக்குடி வான்தீவு, கோசுவாரித் தீவைச் சுற்றிச் சில மீட்டர் ஆழத்தில் பவளம் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள், இது அதுமாதிரி இல்லை. அந்த வளையத்தில் இடையிடையே வாய் திறந்திருக்கும். அந்த வாயை அங்குள்ள திவேஹி மொழியில் 'கண்டு' என்கிறார்கள். வளையத்துக்குள்ளே தண்ணீர் மட்டத்துக்குக் கீழேயே நின்றுவிடும் குன்று 'திலா', மேல்மட்டம் வரை எட்டுகிற சின்னப் பார் 'கிரி'. படகில் டைவுக்கு முன்னால் இடத்தை விளக்கும்போது இந்த மூன்று பெயரும் அடிக்கடி வரும்.

வருஷத்தில் பாதி நாள் வாடைப் பருவம், பாதி நாள் தென்மேற்குப் பருவம். டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை பெருங்கடலின் நீரோட்டம் கிழக்கிலிருந்து மேற்கே போகும். அவ்வளவு தண்ணீரும் இந்தத் தீவு வரிசையில் வந்து முட்டி, அந்த வாய்கள் வழியாகத்தான் உள்ளே நுழைந்தாக வேண்டும். அதனால் பிப்ரவரியில் கிழக்குப் பக்கத்து வாய்களில் கண்ணாடி மாதிரித் தெளிந்த தண்ணீர் வேகமாக உள்ளே பாயும். அந்த வாயின் உதட்டில், 25 முதல் 30 மீட்டர் ஆழத்தில், சாம்பல்நிறப் பார்ச்சுறாக்கள் எதிரோட்டத்தில் துடுப்பே அசையாதது போல மிதந்துகொண்டிருக்கும். நண்பர்கள் உங்களுக்கு அனுப்பிய வீடியோவெல்லாம் அநேகமாக இந்தக் காட்சிதான். வாவு அட்டோலில் ஃபோத்தேயோ போன்ற வாய்கள் இதற்குப் பேர் போனவை. மாலத்தீவு அரசு 2010இல் சுறா பிடிப்பதையே நாடு முழுக்கத் தடை செய்தது. இவ்வளவு சுறாவை இன்றைக்கும் பார்க்க முடிகிறது என்றால் அந்தத் தடைக்கு அதில் பெரிய பங்கு உண்டு.

இதைப் பார்ப்பதற்கு எப்படி இறங்க வேண்டும் தெரியுமா? படகிலிருந்து குதிக்கும்போதே மிதவைச் சட்டையில் காற்று இருக்கக் கூடாது. மேலே நின்று காது சரிபார்த்து, கண்ணாடி துடைத்து, நண்பனைத் தேடி என்றெல்லாம் நேரம் எடுத்தால், நீரோட்டம் உங்களை அந்த வாயைத் தாண்டி உள்ளே கொண்டுபோய்விடும். குதித்தவுடன் தலைகீழாக இறங்கி, காதை வழியிலேயே சமன்படுத்தி, உதட்டில் உயிரில்லாத பாறையாகப் பார்த்துக் கொக்கியை மாட்டிக்கொண்டு நிற்க வேண்டும். ஒன்பது டைவில் யாருக்கும் இது கைவராது. உங்கள் திறமையைக் குறைத்துச் சொல்லவில்லை, இன்னும் அதற்கான பழக்கம் உடம்புக்கு ஏறவில்லை என்கிறேன்.

தாமிரபரணி நீச்சல் ஒருவிதத்தில் உதவும். ஆற்றில் நீந்தினவன் ஓட்டத்தை எதிர்த்து முட்டிக்கொண்டிருக்க மாட்டான், சாய்வாகப் போய்க் கரையைப் பிடிப்பான். கடலுக்கடியிலும் அதே புத்திதான் வேண்டும். ஆனால் ஆற்றில் தலை வெளியே இருக்கிறது, மூச்சுக்குக் கணக்கு கிடையாது. கீழே கணக்கு உண்டு. வழக்கமான அலுமினிய சிலிண்டர் 11 லிட்டர் கொள்ளளவு, 200 பார் (இது காற்றழுத்தத்தின் அளவு) அழுத்தத்தில் நிரப்பித் தருவார்கள். 50 பார் மிச்சம் வைத்து மேலே வந்தாக வேண்டும். கரையில் நிமிஷத்துக்கு 20 லிட்டர் மூச்சு எடுக்கிற ஆளாக உங்களை வைத்துக்கொள்வோம், புதியவர்களுக்கு இது சாதாரணம். 30 மீட்டரில் அழுத்தம் நாலு மடங்கு, ஆக 80 லிட்டர். அந்த ஆழத்தில் சுமார் 20 நிமிஷத்தில் கதை முடிந்துவிடும். நீரோட்டத்தில் படபடத்தால் அதுவும் பாதியாகிவிடும். காற்று தீர்ந்து நீங்கள் மேலே வரும்போது உங்களோடு சேர்ந்து இறங்கிய ஜோடி டைவரும் கூடவே வந்தாக வேண்டும். நண்பர்கள் முகம் சுளிக்காமல் வருவார்கள், ஆனால் ஏழு நாளும் உங்களுக்கு அது உறுத்தும்.

இன்னொன்று, சட்டமும் இருக்கிறது. மாலத்தீவில் பொழுதுபோக்கு டைவுக்கு 30 மீட்டர்தான் எல்லை. ஓப்பன் வாட்டர் சான்றிதழுக்கு 18 மீட்டர் வரைதான் பயிற்சி. நல்ல படகுகள் பல வழித்தடங்களுக்கு அதற்கு அடுத்த நிலையான அட்வான்ஸ்டு சான்றிதழும் 30, 50 டைவ் அனுபவமும் கேட்கும். ஒன்பது டைவ் என்று சொல்லியும் மறுபேச்சில்லாமல் "வாங்க, பார்த்துக்கலாம்" என்று ஒரு படகு சொன்னால், அந்தப் படகைப் பற்றித்தான் நான் யோசிப்பேன்.

சரி, படகில் ஒரு நாள் எப்படிப் போகும்? பெரிய படகு தங்குவதற்கு. டைவுக்குத் தனியாக ஒரு தோணி கூடவே வரும். சிலிண்டர், காற்று அடிக்கிற கம்ப்ரசர் எல்லாம் அதில்தான், அதனால் தங்கும் படகில் இரைச்சல் குறைவு. விடியும்போது எழுப்புவார்கள். ஒரு பிஸ்கட், ஒரு டீ, இடத்தைப் பற்றி விளக்கம், முதல் டைவ். வந்து காலைச் சாப்பாடு. படகு அடுத்த இடத்துக்கு நகரும், இரண்டாவது டைவ். மதியச் சாப்பாடு, தூக்கம், மூன்றாவது டைவ். சில நாள் இரவு டைவ். அரி அட்டோலின் மாயா திலாவும், வாவு அட்டோலின் அலிமத்தா தீவோரமும் இரவுக்கென்றே போகிற இடங்கள். அலிமத்தாவில் செவிலிச் சுறாக்கள் மனிதர்களைச் சட்டை செய்யாமல் உரசிக்கொண்டு போகும். கரையில் தங்கி டைவ் செய்பவர்களால் போக முடியாத தூரத்துப் பார்களுக்கு, கூட்டம் வருவதற்கு முன்பே விடியற்காலையில் இறங்கிவிடலாம். இதற்காகத்தான் படகுப் பயணத்துக்கு இவ்வளவு மவுசு, அந்த மவுசுக்கு அது தகுதியானதும்கூட.

ஆனால் ஒரு நாளைக்கு மூன்று நாலு டைவ், தொடர்ந்து ஆறு நாள் என்றால் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். அழுத்தத்தில் மூச்சு விடும்போது காற்றிலுள்ள நைட்ரஜன் ரத்தத்திலும் தசையிலும் கரையும். மேலே வந்ததும் மெதுவாகத்தான் வெளியேறும். முழுசாக வெளியேறுவதற்குள் அடுத்த டைவ் வந்துவிடும். மூன்றாம் நாள், நாலாம் நாள் ஆகும்போது இரவுத் தூக்கத்துக்குப் பிறகும் கொஞ்சம் மிச்சம் இருக்கும். அவசரமாக மேலே ஏறினாலோ, கணக்கு மீறினாலோ அது குமிழாகி மூட்டிலும் முதுகுத்தண்டிலும் தங்கிவிடும். மூட்டு வலி, மரத்துப்போதல், தோலில் திட்டுத்திட்டாகத் தடிப்பு, காரணமில்லாத பெரிய அசதி, இவைதான் அடையாளம். பெண்ட்ஸ் என்று சொல்வது இதைத்தான்.

எங்கள் ஊரில் இது புத்தக விஷயம் இல்லை. என் சித்தப்பா சங்கு குளித்தவர். முன்காலத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு முங்கினார்கள், அப்புறம் கம்ப்ரசரிலிருந்து குழாய் வழியாகக் காற்று எடுத்துக்கொண்டு நாள் முழுக்கக் கீழே இருக்கப் பழகினார்கள். ஏறுவதற்கும் இறங்குவதற்கும் எந்தக் கணக்கும் சொல்லித்தர ஆள் இல்லை. ஒரு நாள் கரையேறி வலையோரம் உட்கார்ந்தவருக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது. வாயு பிடிப்பு என்று எண்ணெய் தேய்த்தார்கள். இன்றும் கோல் ஊன்றித்தான் நடக்கிறார். அவருக்குக் கிடைக்காத கணக்கு இன்று உங்கள் மணிக்கட்டில் கடிகாரம் மாதிரிக் கட்டிக்கொள்ளும் டைவ் கம்ப்யூட்டரில் இருக்கிறது. அதனால் தம்பி, சொந்தமாக ஒரு கம்ப்யூட்டர் வாங்குங்கள். ஜோடியின் கம்ப்யூட்டரைப் பார்த்துச் சமாளிக்கலாம் என்று நினைக்காதீர்கள், அவர் இருந்த ஆழமும் நீங்கள் இருந்த ஆழமும் ஒன்றல்ல. நிமிஷத்துக்கு 9 மீட்டருக்கு மேல் வேகமாக ஏறாதீர்கள், 5 மீட்டரில் மூன்று நிமிஷம் நில்லுங்கள், தண்ணீர் நிறையக் குடியுங்கள். நடுவில் ஒரு நாள் அசதியாக இருந்தால் ஒரு டைவை விட்டுவிட்டுத் தூங்குங்கள். காசு கொடுத்தாயிற்றே என்று இறங்கிக்கொண்டே இருப்பவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சித்தப்பா ஞாபகம்தான் வரும்.

நைட்ராக்ஸ், அதாவது ஆக்சிஜன் கூட்டிய காற்றில் டைவ் செய்யும் கோர்ஸ் முடித்துவிட்டுப் போவது நல்லது. சாதாரணக் காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம், இதில் பொதுவாக 32 சதவீதம். நைட்ரஜன் குறைவதால் உடம்பில் சேர்வதும் குறையும். படகுப் பயணத்தில் இதன் பலன் நன்றாகவே தெரியும். ஆனால் 32 சதவீதக் கலவையோடு 34 மீட்டருக்குக் கீழே போனால் ஆக்சிஜனே விஷமாகத் தொடங்கும். எனவே சிலிண்டரில் எவ்வளவு சதவீதம் இருக்கிறது என்பதை ஒவ்வொரு முறையும் நீங்களே கருவியில் அளந்து பாருங்கள். வேறு யாரும் அளந்து சொன்னால் போதாது.

கடைசி டைவுக்கும் விமானத்துக்கும் இடையே குறைந்தது 18 மணி நேரம் வேண்டும். பெரும்பாலான படகுகள் முந்தின நாள் மதியத்தோடு டைவை நிறுத்திவிடும். இதே விதி மலைக்கும் பொருந்தும். தூத்துக்குடியிலோ கன்னியாகுமரிப் பக்கமோ டைவ் செய்துவிட்டு அன்றைக்கே மாஞ்சோலைக்கோ கொடைக்கானலுக்கோ வண்டியை விட்டுவிடாதீர்கள். இதை நம்மூரில் யாரும் சொல்லித் தருவதில்லை.

இப்போது இந்த ஒரு வருஷத்தில் என்ன செய்யலாம் என்பதற்கு வருகிறேன். முதலில் அட்வான்ஸ்டு கோர்ஸ். அதில் ஆழ டைவோடு நீரோட்ட டைவையும் கேட்டு எடுங்கள். அந்தமானுக்கு மறுபடி போகலாம். ஆனால் என் யோசனை வேறு. மாலத்தீவுக்கே போங்கள், படகுக்குப் பதில் தீவில் தங்குங்கள். அங்கே சாதாரண மக்கள் வாழும் தீவுகளில் விருந்தினர் இல்லங்கள் உண்டு. தெற்கு அரியில் திகுரா, வடக்கே ரஸ்தூ, வாவுவில் ஃபுலிதூ இதற்கு ஏற்றவை. காலையில் போய் இரண்டு டைவ், மதியம் திரும்பி வந்துவிடலாம். கடல் சரியில்லை என்றால் அன்றைக்கு இறங்காமல் இருக்கலாம். வழிகாட்டியிடம் ஒன்பது டைவ்தான் என்று சொன்னால் நீரோட்டம் இல்லாத கிரிகளில் தொடங்கி, மெல்ல மெல்ல வாய்களுக்குக் கூட்டிப் போவார். மிதப்பைக் கட்டுப்படுத்துவது, ஆரஞ்சு மிதவைக் குழாயைக் கீழிருந்தே மேலே விடுவது, ஜோடியைத் தவறவிட்டால் ஒரு நிமிஷம் தேடிவிட்டு மேலே வருவது, இந்த மூன்றையும் அங்கேயே பழகிவிடலாம். மேலே வந்தபின் அலைக்கு நடுவில் உங்கள் தலை தோணிக்காரருக்குத் தெரியாது, அந்த ஆரஞ்சுக் குழாய்தான் தெரியும்.

மனைவி விஷயத்துக்கும் இதுதான் பதில். டைவிங் தெரியாதவரை டைவிங் படகில் ஏழு நாள் உட்கார வைப்பது சரியில்லை. ஒரு நாளைக்கு மூன்று முறை நீங்கள் கிளம்பிப்போவதை அவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். திகுராவில் தங்கினால் கதையே வேறு. தெற்கு அரியின் வெளிப்பாரில் திமிங்கலச் சுறா வருஷம் முழுக்க வரும் இடம் அது, 2009இலேயே அதைப் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவித்துவிட்டார்கள். அதைப் பார்ப்பதற்கு சிலிண்டரே தேவையில்லை, முகக்கண்ணாடியும் மூச்சுக்குழாயும் போதும். மேல்மட்டத்திலேயே நீந்தும். ஆறு மீட்டர் நீள மீன், சின்னப் பிராணிகளை வடிகட்டித் தின்கிற சாதுவான ஜீவன். தொடக்கூடாது, முன்னால் போய் மறிக்கக்கூடாது, அவ்வளவுதான். இருவரும் சேர்ந்து பார்க்கலாம். அவருக்கும் ஆசை வந்து கோர்ஸ் செய்தால் அடுத்த வருஷம் படகில் இரண்டு இடமாகவே போடலாம்.

ஆனைத்திருக்கை, அதாவது மாண்டா பார்க்க ஆசை இருந்தால் காலக்கணக்கு மாறும். பா அட்டோலின் ஹனிஃபாரு விரிகுடாவில் அவை கூட்டமாகச் சேர்வது ஜூனிலிருந்து நவம்பர் வரை. அங்கே சிலிண்டரோடு இறங்க அனுமதி கிடையாது, மேலே மிதந்தபடிதான் பார்க்கலாம். பிப்ரவரியில் மேற்குப் பக்கத்துப் பார்களில், சின்ன மீன்கள் மாண்டாவின் உடம்பைச் சுத்தம் செய்கிற இடங்களில் பார்க்க வாய்ப்பு உண்டு.

பவளத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பழைய படங்களில் பார்த்த வண்ணக்காடு எல்லா இடத்திலும் இருக்காது. 1998இல் கடல் சூடேறி ஆழம் குறைந்த பார்களில் பெரும்பகுதிப் பவளம் வெளுத்துச் செத்தது, 2016இல் மறுபடியும். நம்ம மன்னார் வளைகுடாவும் அதே அடியை வாங்கியதுதான். போதாக்குறைக்கு நாம் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பவளத்தை வெட்டியெடுத்து, விலங்குசல்லித் தீவு கடலுக்குள்ளேயே போய்விட்டது. அதனால் பவளத்தின்மேல் காலில் மாட்டிய துடுப்பு படாமல் நீந்துவதை உங்கள் முதல் திறமையாக வளர்த்துக்கொள்ளுங்கள். பவளத்துண்டு, ஆமை ஓடு எதையும் ஞாபகத்துக்கு என்று எடுத்து வராதீர்கள், இரண்டு நாட்டிலும் குற்றம்.

படகைத் தேர்ந்தெடுக்கும்போது விலையையும் அறையையும்தான் எல்லாரும் பார்ப்பார்கள். நீங்கள் தீயைப் பற்றிக் கேளுங்கள். 2019 செப்டம்பர் 2 அன்று அமெரிக்காவின் கலிஃபோர்னியா கடலில் 'கன்செப்ஷன்' என்ற டைவிங் படகு நடுராத்திரி தீப்பிடித்து 34 பேர் இறந்தார்கள். எல்லாரும் கீழ்த்தளத்தில் தூங்கிக்கொண்டிருந்தார்கள், சுற்றி வந்து பார்க்கக் காவலாள் யாரும் விழித்திருக்கவில்லை, வெளியேற இருந்த இரண்டு வழியும் மேலே ஒரே அறையில்தான் போய்த் திறந்தன. 2024 நவம்பரில் எகிப்துப் பக்கம் செங்கடலில் 'சீ ஸ்டோரி' படகு விடியுமுன்னே கவிழ்ந்தது. ஆகவே இரவில் யார் விழித்திருப்பார், கீழறையிலிருந்து இரண்டாவது வழி எங்கே திறக்கும், கேமரா, டார்ச் பேட்டரியெல்லாம் எங்கே சார்ஜ் போடுவது, முதலுதவிக்கு ஆக்சிஜன் எவ்வளவு இருக்கிறது, இதையெல்லாம் எழுதிக் கேளுங்கள். முதல் நாளே அந்த இரண்டாவது வழியில் ஒருமுறை ஏறி இறங்கிப் பாருங்கள். தூங்கும் அறையில் பேட்டரியைச் சார்ஜில் போட்டுவிட்டுக் கண்ணயராதீர்கள்.

பயண ஏற்பாடு நம்ம ஊருக்கு ரொம்ப வசதி. திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவில் வழியாகத் திருவனந்தபுரம், அங்கிருந்து மாலே சுமார் 600 கிலோமீட்டர், ஒன்றே கால் மணி நேர விமானம். நெல்லையிலிருந்து சென்னைக்கு ரோட்டில் போகிற தூரம்தான். தூத்துக்குடியிலிருந்து மாலேக்குச் சரக்குத் தோணிகள் காலங்காலமாகப் போய்வருகின்றன, காயல்பட்டினத்து அடுக்களையில் மணக்கிற மாசியும் அந்தத் தீவுகளின் சரக்குதான். நேரடி விமானம் எல்லா நாளும் இருக்காது, படகு கிளம்பும் கிழமையோடு பொருத்திப் பார்த்து, முடிந்தால் ஒரு நாள் முன்னதாகவே போய்விடுங்கள். இந்தியர்களுக்கு விசா இறங்கியதும் இலவசமாகக் கிடைக்கும், பயணத்துக்கு முந்தின 96 மணி நேரத்துக்குள் இணையத்தில் விவரப் படிவம் நிரப்ப வேண்டும். மது, பன்றி இறைச்சி, வழிபாட்டுச் சிலைகள் கொண்டுபோகத் தடை. பெட்டியில் சின்னப் பிள்ளையார் வைத்துப் போகிற பழக்கம் இருந்தால் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். ஏழு இரவுக்கு விமானம் தவிர்த்து ஒன்றரை லட்சத்திலிருந்து இரண்டரை லட்சம் ரூபாய் வரை ஆகும் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வரி, நைட்ராக்ஸ், ஊழியர்களுக்கான அன்பளிப்பு விலையில் சேர்ந்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சைவச் சாப்பாடு முன்கூட்டியே சொன்னால் செய்வார்கள், சொல்லாவிட்டால் காலையிலேயே தேங்காயோடு பிசைந்த சூரை மீன்தான்.

காதில் நோவு, சளி, வீசிங், இருதயப் பிரச்சினை ஏதாவது இருந்தால் டாக்டரிடம் டைவிங் என்று சொல்லியே சான்று வாங்குங்கள். மூக்கடைப்பு மாத்திரை போட்டுக்கொண்டு இறங்காதீர்கள், கீழே இருக்கும்போது அதன் வேகம் தணிந்தால் காது அடைத்துக்கொண்டு மேலே வருவதே பெரும்பாடாகிவிடும். கடல் வாந்திக்கான மாத்திரை சிலருக்குத் தூக்கம் வரவைக்கும், ஊரிலேயே ஒரு நாள் போட்டுப் பார்த்துவிடுங்கள். சாதாரணப் பயணக் காப்பீடு பலவற்றில் டைவிங் சேராது, சேர்ந்தாலும் ஆழ வரம்பு இருக்கும். பெண்ட்ஸுக்கான அழுத்த அறைச் சிகிச்சையும் தீவிலிருந்து தீவுக்குத் தூக்கிப் போகிற செலவும் உள்ளடங்கிய டைவிங் காப்பீடாக எடுங்கள். மாலே பக்கத்தில் பண்டோஸ் தீவில் அழுத்த அறை இருக்கிறது, ஆனால் தூரத்து அட்டோலிலிருந்து அங்கே போய்ச் சேர நேரமாகும்.

நண்பர்களிடம் இந்தப் பிப்ரவரிக்கு வரவில்லை என்று இன்றைக்கே சொல்லிவிடுங்கள், அவர்களும் அந்த இடத்துக்கு வேறு ஆள் பார்க்க வேண்டுமே. அவர்கள் எந்த வழித்தடம் போகிறார்கள் என்று கேட்டு எனக்கு எழுதுங்கள். அதில் எந்தெந்த வாய்கள் வருகின்றன என்று பார்த்து, திகுராவில் எதை எதைப் பழகிவிட்டு வர வேண்டும் என்று சொல்கிறேன்.